கேஷா, ஸ்டேட்டா? லினக்ஸில் நிரல் தன் கோப்பை வைக்க வேண்டிய இடம்

ஒரு கோப்பை எங்கே வைப்பது என்று குழப்பம் வந்தால், அதை இப்போதே அழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுத்த முறை நிரல் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான் என்றால் அது கேஷ். பயனர் எதையோ இழப்பார், ஆனால் வேறு கணினிக்கு எடுத்துப்போகும் அளவுக்கு அது முக்கியமில்லை என்றால் ஸ்டேட். அவரே உருவாக்கியது, எங்கே போனாலும் கூடவே வர வேண்டியது என்றால் டேட்டா.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்பின் எக்ஸ்டிஜி வரையறை இந்த மூன்றுக்கும் தனித்தனி இடம் தருகிறது: ~/.கேஷ், ~/.லோக்கல்/ஸ்டேட், ~/.லோக்கல்/ஷேர் (தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து). இவற்றில் ஸ்டேட் 2021-இல்தான் சேர்ந்தது. பழைய நிரல்கள் பல லாகையும் ஹிஸ்டரியையும் இன்னும் கண்ட இடத்தில் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நியோவிம் எடிட்டர்கூட 2022-இல் வந்த 0.8 பதிப்பில்தான் ஸ்வாப், அன்டூ கோப்புகளை ஸ்டேட்டுக்கு மாற்றியது.

பாதையை நிரலுக்குள் நேரடியாக எழுதிவிடாதீர்கள். முதலில் எக்ஸ்டிஜி_ஸ்டேட்_ஹோம் என்ற சூழல் மாறியைப் பாருங்கள் (கேஷுக்கு எக்ஸ்டிஜி_கேஷ்_ஹோம்). அது இல்லாவிட்டாலோ காலியாக இருந்தாலோ மேலே சொன்ன இயல்பு இடம். மதிப்பு ‘/’ குறியில் தொடங்கவில்லை என்றால் அது செல்லாது, ஒதுக்கிவிடுங்கள். பிறகு அதன் கீழே நிரலின் பெயரில் ஒரு கோப்புறை. இல்லாத கோப்புறைகளை 0700 அனுமதியோடு நிரலே உருவாக்க வேண்டும்.

பாஷ் ஷெல் இதைச் செய்வதில்லை. ஹிஸ்ட்ஃபைல் மாறியை ~/.லோக்கல்/ஸ்டேட்/பாஷ்/ஹிஸ்டரி என்று மாற்றிவிட்டு, நடுவில் உள்ள ‘பாஷ்’ கோப்புறையை உருவாக்க மறந்தால், டெர்மினலை மூடியதும் அன்றைக்குத் தட்டிய கட்டளைகள் சத்தமில்லாமல் போய்விடும். எம்கேடிர் -பி கட்டளையால் கோப்புறையை உருவாக்கிவிட்டு மாறியை மாற்றுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, கேஷ் அல்லாததைக் கேஷில் வைப்பது: இன்னும் அனுப்பப்படாத செய்திகளின் வரிசை, லாகின் டோக்கன், பாதி எழுதிய வரைவு. டிஸ்க் நிறைந்தால் மக்கள் முதலில் காலி செய்வது ~/.கேஷ்தான், அது அவர்கள் உரிமை. பேக்கப் எடுப்பவர்களும் அதைத் தவிர்ப்பார்கள். மாறாக, சிறுபடங்களை ஸ்டேட்டில் கொட்டினால் பேக்கப் வீணாக வீங்கும். கேஷை யாரோ வந்து சுத்தம் செய்வார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, நெடுநாள் தொடாததை நிரலே அழிக்க வேண்டும்.

ஸ்டேட் கோப்பை எழுதும் முறையும் முக்கியம். தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியதை டிஸ்க்கில் பதியவைத்து), அசல் பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக மிஞ்சும். அந்தத் தற்காலிகக் கோப்பு இலக்கு இருக்கும் அதே கோப்புறையில் இருக்கட்டும். சிலர் ~/.கேஷைத் தனிப் பார்ட்டிஷனிலோ ரேமிலோ வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஸ்டேட்டுக்கு ரீநேம் செய்தால் ‘இஎக்ஸ்டெவ்’ (வேறு பார்ட்டிஷனுக்கு ரீநேம் முடியாது) என்ற பிழைதான் வரும்.

சாக்கெட்டும் (நிரல்கள் தமக்குள் பேசும் வழி) பிஐடி கோப்பும் (ஓடும் நிரலின் எண்ணை வைத்திருப்பது) கேஷ், ஸ்டேட் இரண்டிலும் சேராது. அவை எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் சுட்டும் இடத்துக்கு உரியவை. பயனர் முழுதாக லாக்அவுட் ஆனதும் அது அழிந்துவிடும்.

பின்னணிச் சேவை என்றால் ஹோமை நம்பவே கூடாது. ஹோம் மாறியே இல்லாமல் இருக்கலாம். கேஷுக்கு /வார்/கேஷ், ஸ்டேட்டுக்கு /வார்/லிப். சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் ‘ஸ்டேட்டைரக்டரி=’, ‘கேஷ்டைரக்டரி=’ என்ற வரிகளில் பெயரை மட்டும் கொடுத்தால், கோப்புறையை உருவாக்கிச் சேவையின் பயனருக்கு உரிமையும் மாற்றித் தந்துவிடும். கையால் சௌன் செய்யும் ஸ்கிரிப்ட் தேவைப்படாது.

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கேஷ் கோப்புறையை முழுதாக அழியுங்கள். நின்றுபோகாமல் மறுபடி உருவாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, ஒருமுறை சூடோவோடும் பிறகு சாதாரணமாகவும் ஓட்டுங்கள். ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உங்கள் ஹோமில் தங்கியிருந்தால் எழுத அனுமதி மறுக்கப்படும். அப்போது கேஷ் இல்லாமலே தொடர்ந்து ஓடும்படி நிரலைத் திருத்துங்கள். ஸ்டேட் என்றால் எந்தக் கோப்பு, யாருக்குச் சொந்தம் என்று பிழைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும்.