பிள்ளையின் தசைநோய்க்குப் புது மருந்து என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

என் அக்கா மகனுக்கு டூஷென் தசைச்சிதைவு, அதாவது தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் மரபணு நோய், என்று தெரிந்ததிலிருந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி வந்து விழும்: "மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம்!" எல்லோரும் அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்கா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு, டாக்டரிடம் ஓடிப்போய், "இது உங்கள் பையனுக்குப் பொருந்தாது" என்று கேட்டுவிட்டு வருவாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நானும் அவளோடு உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நீங்களும் கற்றுக்கொள்ளலாம், மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை.

செய்தியைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளையின் மரபணு ரிப்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோஃபின் என்பது தசையைக் காக்கும் புரதம்; அதைச் செய்வதற்கான குறிப்புதான் டிஸ்ட்ரோஃபின் மரபணு. அதில் 79 எக்ஸான்கள், அதாவது 79 துண்டுகள். எந்தத் துண்டு இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உடம்பு இந்தக் குறிப்பை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நடுவில் ஒரு துண்டு விடுபட்டு அந்த மூன்றின் கணக்கு தப்பினால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பொருளற்றுப் போய்விடும். எட்டெப்லிர்சென் என்ற மருந்து 51ஆம் எக்ஸானையும் தாண்டிப் படிக்கவைத்துக் கணக்கை நேராக்கப் பார்க்கிறது. 48 முதல் 50 வரை இல்லாத பிள்ளைக்கு இது பொருந்தும், 45 மட்டும் இல்லாத பிள்ளைக்குப் பொருந்தாது. மொத்தத்தில் டூஷென் உள்ளவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்குத்தான் பொருந்தும். உங்கள் பிள்ளைக்கு இருப்பது எஸ்.எம்.ஏ. (தசையை இயக்கும் நரம்பு செல்கள் இறந்துபோகும் இன்னொரு மரபணு நோய்) என்றால் ரிப்போர்ட்டில் எஸ்.எம்.என்.2 மரபணு எத்தனை பிரதி என்று பாருங்கள். பல ஆய்வுகள் அந்த எண்ணை வைத்துத்தான் குழந்தைகளைச் சேர்க்கின்றன.

அப்புறம், ஆய்வில் இருந்தது யார்? வயது என்ன, நடக்கிறவர்களா, வீல்சேரில் இருக்கிறவர்களா? எஸ்.எம்.ஏ.வுக்கு நுசினெர்சென் 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறிகுறி தெரிவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிய குழந்தைகளிடம்தான் மிக நல்ல பலன் கிடைத்தது, ஏனென்றால் இறந்துபோன நரம்பு செல்லை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கைக்குழந்தைகளிடம் கிடைத்த முடிவைப் பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு நம்பினால் மனசு உடையும்.

இனி நான் ரொம்ப நேரம் செலவழிக்கும் இடம்: எதை அளந்தார்கள்? எட்டெப்லிர்சென் 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, தசையில் டிஸ்ட்ரோஃபின் கொஞ்சம் கூடியதைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். 12 பிள்ளைகளிடம் அளந்தபோது, சராசரி 48 வாரத்தில் 0.16 சதவீதத்திலிருந்து 0.44 சதவீதமாகியிருந்தது. தலைப்பில் போட்டால் "ஏறக்குறைய மூன்று மடங்கு"! ஆனால் ஆரோக்கியமான தசையோடு ஒப்பிட்டால் அது அரை சதவீதம்கூட இல்லை. அதனால் மடங்கைப் பார்க்காதீர்கள், எதிலிருந்து எது வரை என்று பாருங்கள்.

உடம்பின் திறனை அளந்திருந்தால் பெரும்பாலும் நார்த் ஸ்டார் என்ற அளவுகோல் இருக்கும். 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 34. அதில் ஒன்று மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுவது. பிள்ளை சும்மா எழுந்தால் 2. குப்புறத் திரும்பியோ, தொடையில் கை ஊன்றித் தன் மேலேயே ஏறுவது போலவோ எழுந்தால் 1. நாற்காலியைப் பிடித்தாக வேண்டும், அல்லது எழவே முடியவில்லை என்றால் 0. எங்கள் பையன் அப்படிக் கை ஊன்றி எழுவதைத் தினமும் பார்க்கிறோம், அதனால் அந்த "1" எங்களுக்கு வெறும் எண்ணாகத் தெரியாது. ஒன்றைக் கவனியுங்கள்: டூஷென் உள்ள பிள்ளைகளுக்கும் 6, 7 வயது வரை வளர்ச்சியினாலேயே இந்த மதிப்பெண் கூடும், அதற்குப் பிறகுதான் இறங்கும். ஆகவே ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து "முன்னேற்றம்" என்றால், மருந்து எடுக்காத அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா என்று தேடுங்கள். ஒப்பீடு இல்லையென்றால் அந்த முன்னேற்றம் மருந்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

எலியில் நடந்த ஆய்வு என்றால் சேமித்து வைத்துக்கொண்டு நகருங்கள். டிஸ்ட்ரோஃபின் இல்லாத ஆய்வக எலி நன்றாகவே ஓடியாடும், நம் பிள்ளைகளைப் போல நடை நின்றுபோகாது. பாஸ்டனில் லூயிஸ் குன்கெலின் குழு டிஸ்ட்ரோஃபினைக் கண்டறிந்தது 1987இல். அங்கிருந்து எட்டெப்லிர்சென் அனுமதி பெற்ற 2016க்கு எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, இத்தனையையும் தாண்டி ஒரு செய்தி நின்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கள். "புது மருந்து வந்திருக்கிறதாமே?" என்று கேட்காமல், "எங்கள் ரிப்போர்ட்டில் 48 முதல் 50 வரை இல்லை, பையனுக்கு ஏழு வயது, நடக்கிறான், இந்த ஆய்வில் சேர முடியுமா?" என்று உங்கள் பிள்ளையின் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். பிள்ளை தரையிலிருந்து எழுவதைத் தேதியோடு மாதம் ஒரு முறை செல்போனில் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

புது மருந்து வரப்போகிறது என்று இப்போது கொடுக்கும் ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.