மராத்தான் பயிற்சியும் நன்கொடை திரட்டலும்: இரண்டையும் மோதவிடாமல் நடத்துவது எப்படி?

ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர், கூடவே ஏதாவது ஓர் அறக்கட்டளைக்குப் பணமும் திரட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் திரட்டலாம். லண்டன் மராத்தானில் தொண்டு நிறுவனங்களே ஓட்டத்துக்கான இடங்களை வாங்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறவருக்குத் தருகின்றன. இங்கே அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. பதிவுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டு, பிடித்த அமைப்புக்காக ஓடலாம்.

எப்படி ஓடுவது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு 10 கி.மீ. ஓட்டமாவது முடித்திருப்பீர்கள், வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறீர்கள், ஞாயிறு நீண்ட ஓட்டம் என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பேசப்போவது, ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி.

பணம் கேட்பது ராத்திரி வேலை. ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டு, எட்டரை மணிக்கு மேல்தான் சொந்தக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள். பெரியம்மாவிடம் நன்கொடை கேட்கப் போனால் முதலில் முட்டிவலி, அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணம், அதற்குப் பிறகுதான் உங்கள் விஷயம். போனை வைக்கும்போது மணி பத்தரை. சென்னையில் நீண்ட ஓட்டத்துக்கு மூன்றரைக்கு எழுந்து நான்கு, நாலேகாலுக்குத் தெருவில் இறங்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் ஆளைச் சாய்த்துவிடும். ஆக, பணம் திரட்டுவது உங்கள் கால்களைத் தொடுவதே இல்லை. தூக்கத்தைத்தான் தொடுகிறது. தூக்கம் போனால் 28 கி.மீ. ஓட்டம் 18-இல் நின்றுவிடும்.

படி 1: இரண்டு காலண்டர், ஒரே தாள்

மராத்தான் நாளிலிருந்து பின்னோக்கி 16 வாரம் எண்ணுங்கள். ஜனவரி தொடக்கத்தில் ஓட்டம் என்றால் செப்டம்பர் நடுவில் பயிற்சி தொடங்கும். முதல் ஆறேழு வாரம் ஞாயிறு ஓட்டம் பெரும்பாலும் 16 கி.மீ.க்குள்தான் இருக்கும். நவம்பர் பிற்பகுதியும் டிசம்பர் முதல் பாதியும் உச்சம்: 26, 28, 30, 32 என்று ஏறும். கடைசி 30 அல்லது 32-ஐ ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, அப்புறம் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

இப்போது அதே தாளில் பணத்தின் காலண்டரை எழுதுங்கள். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். போனஸ் வரும் சமயம், எல்லோருக்கும் கொஞ்சம் தாராள மனசு. மாதத்தின் முதல் வாரம் சம்பள வாரம். அடுத்தது நிறையப் பேர் மறந்துவிடும் விஷயம்: நிதியாண்டு மார்ச் 31 வரை இருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆபீஸில் வரி சேமிப்புக்கான சான்றுகள் கேட்பார்கள். அந்த நேரத்தில் கொடுப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தானாகத் தெரியும். செப்டம்பர் இறுதியிலிருந்து தீபாவளி வரை முதல் சுற்று. ஓட்டம் முடிந்தபின், கழுத்தில் மெடல் தொங்கும் போட்டோவோடு, மார்ச் வரை இரண்டாம் சுற்று. இடையில் டிசம்பர் முழுக்க யாரிடமும் ஒரு பைசா கேட்காதீர்கள். அந்த மாதத்தில் நன்றி சொல்வது மட்டும்தான் வேலை.

டிசம்பரை ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. அப்படி ஒரு வாரத்தில் ஊரே வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், கொடுக்கவும் வேண்டும். உங்கள் இலக்கில் பாதியாவது தீபாவளியோடு வந்திருந்தால் அந்த வாரம் நீங்களும் நிம்மதியாகப் பால் பாக்கெட் விநியோகிக்கப் போகலாம்.

படி 2: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

அறக்கட்டளையிடம் மூன்று விஷயம் கேளுங்கள். 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு) பதிவு இப்போது செல்லுபடியாகிறதா? ரசீது யார் போடுகிறார்கள், எத்தனை நாளில்? ஒரு குறிப்பிட்ட தொகைக்கு என்ன நடக்கும்?

மூன்றாவது முக்கியம். ‘கல்விக்காக’ என்று சொன்னால் யாருக்கும் மனதில் எதுவும் நிற்காது. ‘ஒரு செயற்கைக் காலுக்கு இவ்வளவு ஆகும்’ என்று சொன்னால் அந்தத் தொகையில் பாதியாவது கொடுக்கலாமே என்று தோன்றும். சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மராத்தான் செயற்கைக் கால்களுக்கு நிதி சேர்ப்பதற்காக நடப்பது. ஓடுகிறவர்களுக்குக் காரணம் சட்டென்று விளங்குகிறது பாருங்கள்.

பெரிய பெயர் உள்ள அமைப்பைவிட, நேரில் போய்ப் பார்க்க முடிகிற சின்ன அமைப்பைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அங்கே கணக்கு பார்ப்பவரின் போன் எண் உங்களிடம் இருக்க வேண்டும். ஏன் என்பது படி 4-இல் புரியும்.

படி 3: கேட்பது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பழைய கம்பெனி நண்பர்கள் பாதிப் பேருக்குப் போயே சேராது. குடும்பக் குரூப்பில் போட்டால் கட்டைவிரல் குறிதான் விழும். தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். ராத்திரிக்கு ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒன்பதரைக்குப் போனை இன்னொரு அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

இப்படி எழுதலாம்:

“அண்ணா, ஜனவரி மராத்தான்ல 42 கிலோமீட்டர் ஓடறேன். பதிவுக் கட்டணம், ஷூ எல்லாம் என் செலவு. செயற்கைக் கால் பொருத்தற ஒரு டிரஸ்டுக்காகப் பணம் சேர்க்கறேன். பணம் நேரா அவங்க கணக்குக்குத்தான் போகும், என் கைக்கு வராது. உங்களால முடிஞ்சதைக் கொடுங்க. தீபாவளிக்குள்ள அனுப்பினா எனக்கு வசதியா இருக்கும். லிங்க் கீழே இருக்கு.”

‘என் செலவு’ என்ற வரியை வெட்டிவிடாதீர்கள். “நீ ஓடறதுக்கு நான் ஏம்ப்பா பணம் தரணும்?” என்று எந்தப் பெரியப்பாவும் கேட்பார். நியாயமான கேள்வி. அவர் கேட்கும் முன்பே பதில் அங்கே இருக்க வேண்டும்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன் என்ற வகை வாக்குறுதிகள் எனக்குப் பிடிக்காது. கேட்க அழகாக இருக்கும். ஓடி முடித்தபின் ஒவ்வொருவர் பின்னாலும் அலைய வேண்டும் என்பது ஒரு தொல்லை. அதைவிட மோசம், 30-ஆவது கிலோமீட்டரில் முழங்கால் பிடித்துக்கொண்டால் ‘இன்னும் 12 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 500 ரூபாய்’ என்று மனசு கணக்குப் போடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாது. நன்கொடை நீங்கள் தொடங்கியதற்காக வரட்டும், முடித்ததற்காக வேண்டாம். முடிக்கும் நேரத்தோடும் கட்டாதீர்கள்.

நீண்ட ஓட்டங்களையே செய்தியாக்கிக்கொள்ளலாம். ஞாயிறு நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பி, மறுபடி மறுபடி போய்த் திரும்பி, விடியும்போது கடலோடு ஒரு போட்டோ, “இன்று 24 கி.மீ., இதுவரை இலக்கில் பாதி வந்திருக்கிறது” என்று ஒரு வரி. அதைக் குளித்து, இட்லி சாப்பிட்டு, தூங்கி எழுந்து சாயங்காலம் போடுங்கள். ஓட்டத்தின் நடுவில் நின்று ஸ்டோரி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோ நன்றாக வரும், ஓட்டம் வராது.

படி 4: ரசீது

என்னை அதிகம் படுத்தியது இதுதான், அதனால் நீளமாகச் சொல்கிறேன். ஓட்டத்தைவிட இது கஷ்டம் என்றால் சிரிப்பீர்கள்.

ஒருவர் 80ஜி விலக்கு கேட்க வேண்டுமென்றால் அறக்கட்டளை அவர் பெயரை, அடையாள எண்ணோடு, 10பிடி என்ற படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள். அதற்குப் பிறகுதான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். வெறும் ரசீது போதாது.

சிக்கல் எங்கே வருகிறது? உங்கள் மாமா யுபிஐயில் ஐயாயிரம் அனுப்புகிறார். அறக்கட்டளையின் பாஸ்புக்கில் ஒரு பெயரின் துண்டும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும்தான் விழும். பான் கிடையாது, முகவரி கிடையாது. சில சமயம் மாமா போனிலிருந்து வந்தது அத்தையின் கணக்கு. பணம் அனுப்பியது யார், ரசீது யாருக்கு என்று மார்ச் மாதம் உட்கார்ந்து தேடுவது பெரிய வேதனை.

தீர்வு: பணம் அனுப்பிய அன்றே நிரப்ப ஒரு கூகுள் ஃபார்ம். பானில் இருப்பதுபோல் பெயர், பான் எண், முகவரி, மின்னஞ்சல், தொகை, தேதி, 12 இலக்க எண். ஃபார்மை அறக்கட்டளை தன் கணக்கில் உருவாக்க வேண்டும். மற்றவர்களின் பான் எண் உங்கள் போனில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குப் பெயரும் தொகையும் தெரிந்தால் போதும். வாரம் ஒரு முறை, புதன்கிழமை மதியம் போல, கணக்கு பார்ப்பவருக்குப் போன் செய்து பட்டியலை பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். இதற்கெல்லாம் தனி ஆப் தேடாதீர்கள். கூகுள் ஷீட் ஒன்று போதும்.

உங்கள் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்து வசூல் செய்யவே வேண்டாம். மொத்தமாக நீங்கள் மாற்றினால் ரசீது உங்கள் பெயரில் வரும்; கொடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. ரொக்கம் தவிர்க்க முடியாது, ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் நூறு ரூபாய் நீட்டினால் வேண்டாம் என்றா சொல்வீர்கள்? வாங்கி, நோட்டில் எழுதி, அறக்கட்டளையில் கட்டுங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் பெயரில் ரசீது வந்தால் வரி விலக்கு கேட்காதீர்கள், அது உங்கள் பணம் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘பாதிப் பணம் திரும்ப வந்துடும்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு 50 சதவீதக் கழிவு, அதுவும் வருமானத்தில், வரியில் இல்லை. 10,000 கொடுத்தால் 5,000 வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது ஆயிரமும் சொச்சமும். இதற்கு உச்சவரம்பும் உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் இல்லை.

படி 5: உச்ச வாரங்கள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஓடுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது நல்லதல்ல, வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் ஓஆர்எஸ் கலந்து, தாகத்துக்குக் குடியுங்கள். விலையுயர்ந்த ஜெல்களைவிட ஓஆர்எஸ்ஸும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் எனக்கு ஒத்துப்போகின்றன.

காயம் பட்டு ஓட முடியாமல் போனால்? கொடுத்தவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்: “கால்ல அடி, இந்த வருஷம் ஓட முடியலை. நீங்க கொடுத்த பணம் ஏற்கெனவே டிரஸ்டுக்குப் போயாச்சு.” பணம் நேராகப் போயிருப்பதால் இதைச் சொல்வது சுலபம்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு, இணையத்தில் பலரிடமும் பணம் திரட்டித் தரும் கூட்டுநிதித் தளங்கள் வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். தெரியாதவர்களிடமிருந்தும் பணம் வரும் என்றால் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை என்று சொல்லும் தளங்களிலும் ‘டிப்’ என்று ஒரு தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கலாம். அதைப் பூஜ்யமாக்க முடியும் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். ரசீது யார் பெயரில் வரும் என்றும் முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் 80ஜி என்றுதான் சொல்வார்கள். அறக்கட்டளையின் ஆடிட்டரிடம் இப்போதைய எண்களைக் கேட்டு ஃபார்மில் திருத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் கொடுக்கலாமா? பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அப்போது அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், பணமும் அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சின்ன அமைப்புகள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருக்காது. லிங்க்கை அவருக்கு அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவது எல்லோருக்கும் சங்கடம்.