மதுரை உழவர் சந்தைக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு

மதுரையில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தும் உழவர் சந்தைக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காத குடும்பங்கள் உண்டு. தெருமுனைக் கடையிலேயே காய்கறி கிடைக்கும்போது விடியற்காலையில் எழுந்து சந்தைக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். முந்தைய மாலையிலோ அன்று இருள் பிரியும் முன்னரோ பறித்த காயை, அதை விளைவித்தவரின் கையிலிருந்தே வாங்க முடிகிறது என்பதே என்னுடைய பதில். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, இதே ஊரில் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. உழவர்களே நேரடியாக விற்கும் பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைத்து பஜாரும்' அதற்கு முன்னோடிகள்.

முதல் படி: சந்தையைத் தேர்ந்தெடுத்தல்

நகருக்குள் அண்ணா நகர், சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர் ஆகிய இடங்களில் உழவர் சந்தைகள் இருக்கின்றன. சற்றுத் தள்ளிப் போகலாம் என்பவர்களுக்குத் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி ஆகிய ஊர்களிலும் உண்டு. முதல் முறை வீட்டுக்கு அருகில் உள்ளதற்கே செல்லுங்கள். மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் உள்ள பெரிய காய்கறிச் சந்தைகளை உழவர் சந்தை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே கமிஷன் மண்டிகளில் மூட்டைக் கணக்கில் நடப்பது மொத்த வியாபாரம்.

இரண்டாம் படி: கிளம்பும் முன்

இரண்டு துணிப்பைகள் தேவை. கிழங்கு, பூசணி, தேங்காய் போன்ற கனமானவற்றுக்கு ஒன்று; தக்காளி, கீரை போன்ற நசுங்கக் கூடியவற்றுக்கு மற்றொன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருப்பதால், அங்கே பை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பத்து, இருபது ரூபாய் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் வியாபாரத்திலேயே ஐந்நூறு ரூபாய் தாளை நீட்டினால், கீரை விற்க வந்த அம்மா மீதி கொடுக்க நான்கு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் எழுதாதீர்கள். தொடக்கத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். பட்டியலில் இருந்த முருங்கைக்காயைத் தேடி மழைக்காலத்தில் ஒவ்வொரு கடையாக அலைந்து, கிடைத்த மெலிந்த காய்களைக் கூடுதல் விலைக்கு வாங்கி வந்தேன். கண்ணெதிரே குவிந்து கிடந்த புடலங்காயையும் பீர்க்கங்காயையும் அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைய சமையலைச் சந்தைக்குள் நுழைந்த பிறகு முடிவு செய்வதே சரியான முறை.

மூன்றாம் படி: நேரம்

காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் உள்ளே இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் கீரை வாடத் தொடங்கும். நல்ல காய்கள் பொறுக்கப்பட்டிருக்கும். நண்பகலை நெருங்கும்போது பல உழவர்கள் கொண்டுவந்ததை விற்றுவிட்டு ஊர் திரும்பப் புறப்பட்டுவிடுவார்கள்.

நான்காம் படி: விலைப் பலகையைப் படித்தல்

எதையும் வாங்கும் முன் விலைப் பலகையின் முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இடம் இதுதான். வேளாண் விற்பனைத் துறையினர் ஒவ்வொரு நாளும் மொத்தச் சந்தையின் விலையையும் வெளிக்கடைகளின் சில்லறை விலையையும் கேட்டறிந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு விலையை நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலும், சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழும் அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரு காய் மண்டியில் கிலோ 30 ரூபாய்க்கும் கடையில் 42 ரூபாய்க்கும் போகிறது என்று வைத்துக்கொண்டால், பலகையில் 36 ரூபாயை ஒட்டிய விலை இருக்கும். அப்போது மண்டியில் கிடைப்பதைவிட உழவருக்கு ஆறு ரூபாய் கூடுகிறது. கடையில் கொடுப்பதைவிட நமக்கு ஆறு ரூபாய் குறைகிறது. சந்தைக்குள் உழவரின் கடைக்கு வாடகையும் இல்லை, தரகும் இல்லை என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஆகவே இங்கே பேரம் பேச வேண்டியதில்லை. பலகையில் உள்ளதைவிடக் கூடுதலாக யாரேனும் கேட்டால், பலகையைச் சுட்டிக்காட்டலாம். அதற்கும் சரிவராவிட்டால் சந்தை அலுவலகத்தில் சொல்லலாம்.

ஐந்தாம் படி: வாங்காமல் ஒரு சுற்று

பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை முழுவதும் சுற்றி வாருங்கள். நிலத்தை நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகே, இங்கே விற்க உழவர்களுக்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. தன் காட்டில் விளைந்ததை விற்பவரிடம் பெரும்பாலும் மூன்று நான்கு வகைகளே இருக்கும். காய்கள் ஒரே அளவாக இல்லாமல் சிறிதும் பெரிதுமாகக் கிடக்கும். எந்தக் காய் பல கடைகளில் ஒருசேரக் குவிந்திருக்கிறதோ, அதுவே அந்த வாரத்தின் காய். மார்கழியிலும் தையிலும் மொச்சை அப்படிக் குவியும்; கோடையில் முருங்கை. கேரட், பீட்ரூட் போன்ற மலைக்காய்கள் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வருவதால் அவற்றைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: காயைத் தெரிதல்

கத்தரிக்காயை எடுத்தவுடன் காம்பைப் பாருங்கள். காம்பும் அதன் தொப்பியும் பச்சையாக, தொட்டால் முள் குத்துவதாக இருந்தால் காய் புதிது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. தோல் பளபளப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் விரல் பதிந்த இடம் மெல்ல எழ வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு காய்களில் கனம் குறைந்ததை எடுங்கள். கனத்தது விதை முற்றியதாக இருக்கக் கூடும். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது.

முருங்கைக்காயை இரு கைகளாலும் இலேசாக முறுக்கினால் இளசு வளைந்து கொடுக்கும். சுரைக்காய்த் தோலில் நகம் எளிதாக இறங்க வேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒடித்துவிட்டு வாங்காமல் வைத்தால் அந்தக் காய் உழவருக்கு நட்டம். இளங்காயின் மென்மை மெல்லத் தொட்டாலே தெரியும், அவ்வளவு போதும். சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளிக் குலுக்கினால் காய்ந்த தோல் சலசலக்க வேண்டும்.

ஏழாம் படி: எடை

மின்னணுத் தராசு சந்தை நிர்வாகமே தருவது. தட்டு காலியாக இருக்கும்போது எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காயை வையுங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது. உழவர்களே அதை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள்.

எட்டாம் படி: பேச்சுக் கொடுத்தல்

"எந்த ஊருண்ணே?", "எப்பப் பறிச்சதுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் எது வரும், எந்தக் காய் முடியப் போகிறது, இந்தக் கீரையை எப்படிச் சமைப்பது என்று அவர்கள் சொல்வதை எந்தப் பலகையிலும் படிக்க முடியாது. ஒரே உழவரிடம் நான்கு வாரம் தொடர்ந்து வாங்கினால், ஐந்தாவது வாரம் உங்களுக்கென்று ஒரு கட்டு கீரை ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வந்த பின்

கீரையைக் கழுவாமல், கட்டை அவிழ்த்து அழுகிய இலைகளை நீக்கி, உலர்ந்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நன்கு பழுக்காத தக்காளியை வெளியிலேயே காம்புப் பக்கம் கீழாகப் பரப்பிவிடலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உருளை சீக்கிரம் முளைவிடும். முதலில் சமைக்க வேண்டியது கீரை, அடுத்து வெண்டை, புடலை. பூசணியும் கிழங்கும் அடுத்த சந்தை நாள் வரை காத்திருக்கும்.