திருகோணமலைக் கடலில் பெருமீன் தூண்டில்: முடிச்சு முதல் ஐஸ் பெட்டி வரை

திருகோணமலையில் பெருமீனுக்காக நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவிலிருந்து இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஆழத்தைக் கரைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிடுகிறது. சிறிய பைபர் போட்டிலும் கெலவல்லை (மஞ்சள் செட்டைச் சூரை), அறுக்குளா (வஞ்சிரம்), பாரை மூன்றையும் ஒரே காலையில் தேடலாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே கட்டு சரிவராது.

ஒரு ரொட்டுக்குத்தான் (தூண்டில் தடி) காசு இருக்கிறதென்றால் 50 இறாத்தல் பாரம் தாங்கும் நூலுக்கானதை வாங்குங்கள். ரீல் 300 மீற்றர் நூலாவது கொள்ள வேண்டும். கெலவல்லை செங்குத்தாகக் கீழே பாயும். நூல் குறைவென்றால் முதல் ஓட்டத்திலேயே ரீல் காலியாகும். அந்த மீனுக்கு 80 இறாத்தல் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) 2 மீற்றர் லீடராக, அதாவது நூலுக்கும் தூண்டிலுக்கும் இடையே கட்டும் துண்டாக, இருந்தால் போதும். கம்பி கட்டாதீர்கள், கண் கூரான மீன், ஒதுங்கிவிடும். அறுக்குளாவுக்குக் கம்பி இல்லாமல் முடியாது. அதன் பல் தங்கூசியை நறுக்கிவிடும் என்பதால் 30 முதல் 40 சென்ரிமீற்றர் கம்பி வேண்டும். பாறையோரத்துப் பெரும்பாரைக்கு 80 இறாத்தல் நூலும் 130 இறாத்தல் லீடரும் தேவை. தூண்டில் பட்டதுமே அது பாறை இடுக்குக்கு ஓடும். முதல் சில நொடிகளில் திருப்பாவிட்டால் நூல் கல்லில் அறுந்துவிடும்.

பெருமீன் தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் ரீலின் ட்ராக்தான், அதாவது நூல் ஓடும்போது அதைப் பிடித்து இழுக்கும் தடை. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். நூல் நுனியில் சுருள் தராசைக் கொழுவி, ரொட்டை வளைத்துப் பிடித்து இழுங்கள். நூல் அறும் பாரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது: 50 இறாத்தல் என்பது ஏறத்தாழ 22.5 கிலோ, ஆகவே 6 முதல் 7 கிலோவில் நூல் வழுக்க வேண்டும். நூல் ஓட ஓட ரீலில் சுற்று சிறுக்கும், அதே ட்ராக் இறுகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பதறி மேலும் முறுக்குபவர்களே மீனை இழக்கிறார்கள். பாதி நூல் போய்விட்டால் சற்றுத் தளர்த்துவதே சரி.

முடிச்சை இறுக்குமுன் நனையுங்கள். உலர்ந்த தங்கூசி உராய்வில் சூடேறிப் பலமிழக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி 2 மீற்றரை விரலால் தடவி, சொரசொரப்புத் தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

வாடைக்காற்று ஓய்ந்து பங்குனி பிறந்ததும் கடல் இணங்கும். நடு ஆண்டில் கச்சானை, அதாவது தென்மேற்குக் காற்றை, கணக்கில் எடுக்க வேண்டும். அது கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையில் நிற்பவருக்குக் கடல் தட்டையாகத் தெரியும், போகும்போதும் சுகமாக இருக்கும். திரும்புகையில் எதிர்க்காற்றும் அலையும் எரிபொருளைத் தின்னும். மூன்றில் ஒரு பங்கில் போங்கள், மீதி இரண்டு பங்கும் திரும்புவதற்கென்று இருக்கட்டும். விடியுமுன் இறங்கி, காற்று ஏறுமுன் திரும்புங்கள். உயிர்காப்பு அங்கியை உடலில் அணியுங்கள், போட்டில் போட்டுவைத்துப் பயனில்லை.

மூழ்கி நீந்தும் போலி இரையை மணிக்கு 5 முதல் 6 கடல் மைல் வேகத்தில், ஒன்றை 20 மீற்றரிலும் மற்றதை 35 மீற்றரிலும் இழுங்கள். தூரம் வேறுபட்டால் திருப்பத்தில் நூல்கள் சிக்குவது குறையும். கலங்கல் நீரும் நீல நீரும் சேரும் கோடு, மிதக்கும் மரம், ஆலாக் (கடற்பறவை) கூட்டம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆலாக்கள் விழுந்து கொத்தும் இடத்துக்குள் போட்டை விடாதீர்கள், மீன் தாழ்ந்துவிடும். காற்று வரும் பக்கம் போய் எஞ்சினை நிறுத்தி, மிதந்தபடி இரையை எறியுங்கள்.

புறாமலை தேசியப் பூங்கா எல்லைக்குள் மீன்பிடி கிடையாது. கசைபோல் நீண்ட வாலுள்ள சுறாவும் திமிங்கலச் சுறாவும் சட்டத்தால் காக்கப்பட்டவை. மாட்டினால் தண்ணீரில் வைத்தே லீடரை வெட்டி விடுங்கள். திமிங்கலம் கண்டால் நூலைச் சுருட்டிக்கொண்டு விலகுங்கள்.

கெலவல்லை ஏறியதும் செவுளை வெட்டி இரத்தம் வடிய விடுங்கள். பிறகு குடலையும் செவுளையும் அகற்றி, உடைத்த ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுதாக அமிழ்த்துங்கள். மீனின் எடைக்குச் சமமான ஐஸாவது வேண்டும். வெயிலில் கிடந்த சூரை இனத்தில் ஹிஸ்ரமின் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும். பாதிப் பெட்டி ஐஸோடு புறப்பட்டால், பெட்டி நிறைந்ததும் தூண்டிலை எடுத்துவிடுங்கள்.