சின்ன டிஸ்டிலரியைப் பார்க்கப் போகிறீர்களா? காய்ச்சும் நாளாகப் பார்த்துப் போங்கள்

முதலில் ஒரு போன் போடுங்கள். இணையத்தில் பார்வை நேரம் போட்டிருக்கிறது, பதிவும் செய்தாகிவிட்டது என்றாலும் பரவாயில்லை, போடுங்கள். விஸ்கி, ஜின் மாதிரிச் சாராயம் காய்ச்சும், குடும்பமாக நடத்தும் சின்ன டிஸ்டிலரியில் ஊறல் போடுகிறவர், காய்ச்சுகிறவர், பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவர், உங்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டப்போகிறவர் எல்லாம் அனேகமாக ஒரே ஆள்தான், மிஞ்சிப்போனால் மூன்று பேர். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எந்த நாள் காய்ச்சுகிறீர்கள், எத்தனை மணிக்கு வடிய ஆரம்பிக்கும்?"

நான் முதல்முறை போனபோது இதைக் கேட்கவில்லை. போய் நின்றால் காய்ச்சும் செம்புக் கலன் ஆறிக் கிடக்கிறது, வீட்டு மருமகள் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார், மற்ற இரண்டு பேர் பாட்டில் நிரப்பும் அவசரத்தில் இருக்கிறார்கள். நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் பந்தி முடிந்து பாத்திரம் துலக்கும் நேரத்தில் விருந்துக்குப் போய் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. பளபளக்கும் செம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். செம்பை யார் வேண்டுமானாலும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், மூக்குக்குத்தான் நேரில் போக வேண்டியிருக்கிறது.

மூக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கும் எதுவும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. காலை மூடிய ஷூ போடுங்கள், தரை எப்போதும் ஈரமாக இருக்கும், சூடான குழாய்கள் முழங்கால் உயரத்தில் ஓடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். யார் வண்டி ஓட்டப்போகிறார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்றால் முடிவு செய்கிற ஆளே நிதானத்தில் இருக்க மாட்டார்.

உள்ளே போனதும் எல்லோரும் நேராகக் கலனைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் ஊறல் தொட்டிப் பக்கம் நில்லுங்கள். தானியமோ பழமோ கரும்புப் பாகோ, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுவது இங்கேதான், வாசனையில் பெரும்பகுதி பிறப்பதும் இங்கேதான். தானிய ஊறல் என்றால் புளித்து முடிந்ததும் 7 முதல் 9 சதவீதம் சாராயம் இருக்கும், அதாவது கொஞ்சம் காட்டமான பீர் மாதிரி. எத்தனை நாள் புளிக்க விடுகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு நாளில் முடிக்கிறவர்களும் உண்டு, நான்கைந்து நாள் விட்டுப் பழ வாசனை ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு பதிலிலேயே ஆளின் பொறுமை தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் தொட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுக்காதீர்கள். புளிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, மேலே ஒரு போர்வை மாதிரி படிந்து கிடக்கும், மூக்கில் ஊசி குத்தினாற்போல் இருக்கும், அதிகம் இழுத்தால் மயக்கமே வரும். கையால் காற்றை உங்கள் பக்கம் தள்ளி முகர்ந்தால் போதும்.

அடுத்தது கலன். ஏன் செம்பு, எவர்சில்வர் ஆகாதா என்று ஒருவராவது கேட்பார், நல்ல கேள்விதான். புளிப்பின்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் அழுகிய முட்டை, வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி நாறும். ஆவி செம்பில் பட்டுப் போகும்போது செம்பு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த வேலையில் செம்பும் தேய்ந்துகொண்டே போகிறது, வருடங்கள் கழித்துத் தகடு மெலிந்து மாற்ற வேண்டியிருக்கும். சாராயம் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு, தண்ணீர் 100க்கு, இந்த இடைவெளியை வைத்துத்தான் மொத்தத் தொழிலும் நடக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். படிக்காத விஷயம், ஒன்று முழுதாக முடிந்து அப்புறம் அடுத்தது வருவதில்லை, எல்லாம் கலந்து கலந்துதான் வரும். அதனால்தான் ஒரு மனிதர் பக்கத்திலேயே காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

அவர் எதற்குக் காத்து நிற்கிறார் என்பதைப் பார்க்கத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வடிய ஆரம்பித்ததும் முதலில் வருவது தலை, அடுத்தது நடு, கடைசியில் வால். தலையில் அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் மாதிரி சட்டென்று ஆவியாகிறவை இருக்கும், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் நெடி அடிக்கும். வாலில் ஃபியூசல் எண்ணெய்கள் என்னும் கனமான சாராய வகைகள், நனைந்த அட்டைப்பெட்டி, ஈர நாய் வாசம். நடுவில் வருவதுதான் பாட்டிலுக்குப் போகும். தலை எந்த நிமிடம் முடிந்தது, வால் எப்போது தொடங்குகிறது என்பதற்கு அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரும் வெப்பமானியும் வழி காட்டும், ஆனால் இந்த மாதிரி இடங்களில் கடைசி வார்த்தை மூக்கினுடையது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, முகர்ந்து, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பார் பெரியவர். மகன் ஏற்கெனவே மாற்றியிருப்பான். அந்தச் சின்னச் சச்சரவைப் பார்க்கக் கிடைத்தால் வந்த வேலை முடிந்தது.

மூன்றையும் முகர்ந்து பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். முகரத்தான், தலையைக் குடிக்க வேண்டாம். அப்புறம், "ஏன் அங்கே நிறுத்தினீர்கள்?" என்றும் கேளுங்கள். நடுவைக் குறுக்கி எடுத்தால் சரக்கு சுத்தமாக இருக்கும், ஆனால் விற்க அளவு குறையும். வால் பக்கம் கொஞ்சம் அதிகம் சேர்த்தால் கனம் கூடும், பீப்பாயில் நாள் போனால் அது அழகாகத் திரும்பலாம், திரும்பாமல் அப்படியே நாறவும் செய்யலாம். ஒதுக்கிய தலையையும் வாலையும் பலர் கொட்டுவதில்லை, அடுத்த காய்ச்சலில் சேர்த்துவிடுவார்கள்.

கலன் அருகே போனைப் பையில் வையுங்கள், அவர்கள் சொன்னால் ஒழிய வெளியே எடுக்காதீர்கள். சாராய ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும், ஒரு பொறி போதும். சிகரெட், லைட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பீப்பாய் அறை இருந்தால் நல்ல வாசனை அடிக்கும், படத்துக்கும் நன்றாக இருக்கும், ஆனால் பார்க்க அதிகம் இல்லை. குளிர்ந்த பகுதிகளில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிவிடும், வெயில் பகுதிகளில் இன்னும் எவ்வளவோ அதிகம். வெளிச்சுவர் கரி பூசினாற்போல் கறுத்திருந்தால் அசுத்தம் என்று நினைக்காதீர்கள், அந்த ஆவியில் வாழும் ஒரு பூஞ்சை அது. புதுசாகத் தொடங்கிய இடத்தில் விஸ்கி இல்லையே என்று ஏமாறவும் வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படியும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படியும் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர். அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டுமே, அதற்காகத்தான் பல பேர் முதலில் ஜின் போடுகிறார்கள், இன்று காய்ச்சினால் சில வாரத்தில் விற்கலாம்.

ஜின் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது, கொஞ்சம் பதமாகக் கேட்க வேண்டும். "அடிப்படைச் சாராயத்தையும் நீங்களே காய்ச்சுகிறீர்களா, வாங்குகிறீர்களா?" ஜின் செய்கிறவர்களில் பலர் பெரிய ஆலையிலிருந்து வாசனையற்ற சாராயத்தை வாங்கி, ஜூனிப்பர் காயும் மற்ற மூலிகைகளும் சேர்த்து மறுபடி காய்ச்சுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது தனிக் கைவேலை. நேராகச் சொல்கிறவரை நான் நம்புவேன். மழுப்பிவிட்டுத் தாத்தா காலத்துக் கதைக்குத் தாவுகிறவரிடம் ஒரு பாட்டில் குறைத்து வாங்குவேன்.

சுவைக்கும் மேசைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். ஒயினைச் சுழற்றுகிற மாதிரி கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால் சாராயம்தான் முகத்தில் அறையும், வேறு எதுவும் தெரியாது. கிளாஸைத் தாடைப் பக்கம் வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அப்புறம் தண்ணீர் சேருங்கள், இதில் வெட்கம் எதுவும் இல்லை. கலவை செய்யும் நிபுணர்களே காட்டத்தை 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். தண்ணீர் விட்டதும் கலங்கினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, சாராயத்தில் கரைந்திருந்த எண்ணெய்கள் வெளியே தலைகாட்டுகின்றன, அவ்வளவுதான்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 15 மில்லி வீதம் ஐந்து வகை என்றால் மொத்தம் 75 மில்லி. 40 சதவீதச் சரக்கில் அதில் 30 மில்லி, எடையில் சுமார் 24 கிராம், சுத்தச் சாராயம். சின்னச் சின்னக் கிளாஸில் வருவதால் இது கண்ணுக்குத் தெரியாது. துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள், கொடுப்பார்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். நாள் முழுக்கச் சுவைத்துப் பார்க்க வேண்டிய அவர்களே துப்பித்தான் பிழைக்கிறார்கள்.

வாங்கும்போது வெளியில் எங்கும் கிடைக்காததைக் கேளுங்கள். தண்ணீர் கலந்து இறக்காத பீப்பாய்ச் சரக்கு, ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்த பழச் சாராயம், அப்படி ஏதாவது அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். விலை பெரிய கம்பெனி பாட்டிலைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள், ஐந்து பாட்டில் வாங்க மனமில்லை என்றால் ஒன்று வாங்குங்கள் போதும்.

விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது. 24க்கு மேல் 70 வரை உள்ளதைச் சீல் பிரிக்காமல், செக்-இன் பெட்டியில் ஒருவருக்கு 5 லிட்டர் வரை வைக்கலாம், இறங்குகிற இடத்துச் சுங்க வரம்பு வேறு. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை நிற்க வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கப்போட்டால் காட்டமான சாராயம் தக்கையை அரித்துவிடும். பாட்டிலுக்குள் அதற்கு வயது ஏறாது, அதனால் நல்ல நாளுக்கென்று பத்து வருடம் பூட்டி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.