துவக்கு (துப்பாக்கி) வரும் காட்சியை எடுக்கும் முன்: வன்னிக் குறும்படக்காரருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உங்கள் குறும்படத்தைத் திரையிட்டால், பார்க்க வருவோரில் பலர் 2009 வரை வெடிச்சத்தத்தைக் காதால் அளந்து உயிர் தப்பியவர்களாக இருப்பார்கள். அவர்கள் முன் தவறான துவக்குக் காட்சியை வைப்பது அவர்கள் பட்டதைப் பொய்யாக்குவதாகும் என்பதே என் எண்ணம்.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் செல்லும். ஆகவே 700 மீற்றருக்கு அப்பால் குளக்கட்டில் வெடித்த துவக்கின் மின்னல் தெரிந்து இரண்டு விநாடிக்குப் பிறகே அதன் சத்தம் வர வேண்டும். ஏகே வகைத் துவக்கின் சன்னமோ குழலை விட்டு விநாடிக்கு 700 மீற்றருக்கு மேலான வேகத்தில் புறப்படுவதால், சுடப்படுபவர் முதலில் தலைக்கு மேல் சவுக்கு வீசியது போன்ற 'சடக்' என்ற ஒலியையும், அதன் பின்னரே தொலைவிலிருந்து 'டொம்' என்ற ஒலியையும் கேட்பார். 300 மீற்றரில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றிலொரு விநாடி இருக்கும். பெரும்பாலான படங்கள் மின்னல், சடக், டொம் மூன்றையும் ஒரே கணத்தில் சேர்த்துவிடுகின்றன. படத்தொகுப்பில் அவற்றைத் தனித்தனியே வைத்து நகர்த்துங்கள். பங்கருக்குள் இருந்தவர்கள் தூரத்தைக் கணித்தது அந்த இடைவெளியை வைத்துத்தான்.

அடுத்து ரவைகளை (தோட்டாக்களை) எண்ணுங்கள். 30 ரவை கொண்ட கூடு, நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில், விசையை விடாமல் அழுத்தினால் 3 விநாடியில் தீர்ந்துவிடும்.

சன்னம் பட்டவர் பின்னால் பறந்து விழுவதுதான் திரையில் மிகப் பெரிய பொய். 8 கிராம் சன்னம் 700 மீற்றர் வேகத்தில் வந்து 60 கிலோ உடலில் தங்கினாலும், அந்த உடலுக்கு விநாடிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வேகம்கூடக் கிடைக்காது. அப்படித் தள்ளும் விசை இருந்தால் சுட்டவரும் விழுந்திருப்பார். காயப்பட்டவர் நின்ற இடத்திலேயே மடங்கட்டும், அல்லது சில அடிகள் ஓடிய பிறகு தடுமாறட்டும். சைலன்சர் வெடிச்சத்தத்தைக் குறைக்கும், ஆனால் விழுங்காது. காரின் கதவு சன்னத்தைத் தடுக்காது. மண்மூட்டையின் அருமை வன்னியில் எல்லோருக்கும் தெரியும்.

படப்பிடிப்பில் மெய்த்துவக்கு வேண்டாம். சன்னம் இல்லாத வெற்று வெடியும் கொல்லும்: 1984 இல் நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம் அத்தகைய ஒன்றை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக வெடித்ததால் இறந்தார். 2021 இல் நியூ மெக்சிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்ததற்குக் காரணம், படப்பிடிப்புத் துவக்குக்குள் மெய்யான ரவை இருந்ததுதான். காணிக்குள் தட்டுப்படும் பழைய ரவைகளையோ வேறு வெடிபொருட்களையோ காட்சிப் பொருளாக எடுக்காதீர்கள், தொடாமல் அறிவியுங்கள். தச்சரிடம் முதிரை மரத்தில் துவக்கு ஒன்று செதுக்குவியுங்கள். ரவை நிரம்பிய மெய்த்துவக்கு நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தப் பாரம் நடிகரின் தோளில் தெரிய வேண்டும், பிளாஸ்ரிக் பொம்மையில் அது வராது.

பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அயல்வீடுகளுக்கு நீங்களே நடந்து போய்ச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வெடிச்சத்தத்தை ஒலிபரப்பவே வேண்டாம். நடிகருக்குக் கைதட்டிக் குறிப்புக் கொடுத்து, சத்தத்தைப் படத்தொகுப்பில் சேருங்கள்.