சிவப்பு நிறக் கோடு ஒன்றைத் தேடுங்கள்: கவனம் நரம்பணுவில் எப்படி வேலை செய்கிறது?

நான்கு வெள்ளைத் தாள்கள், சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு ஸ்கெட்ச் பேனா, நேரம் பார்க்க ஒரு செல்பேசி. இவற்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: முதல் தாளில் எட்டுப் பச்சைக் கோடுகளும் ஒரே ஒரு சிவப்புக் கோடும் வரையுங்கள். இரண்டாம் தாளில் பச்சை 30, சிவப்பு ஒன்று. எல்லாமே விரல் நகம் அளவில், நிமிர்ந்த கோடுகள். வரிசையாக மட்டும் வரையாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் வரைந்தேன். என் மகள் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் வரி வரியாகப் போய்விட்டாள். கோடுகளைச் சிதறவிடுங்கள்.

படி 2: மூன்றாம் தாளில் நான்கு சிவப்புப் படுக்கைக் கோடுகள், நான்கு பச்சை நிமிர்ந்த கோடுகள், அவற்றுக்கிடையே ஒரே ஒரு சிவப்பு நிமிர்ந்த கோடு. நான்காம் தாளில் அதே கலவை, 15க்கு 15. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு நீலமும் மஞ்சளும் வைத்துக்கொள்ளலாம்.

படி 3: தாளைக் கவிழ்த்து வைத்து, "சிவப்பு நிமிர்ந்த கோட்டைத் தொடு" என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். புரட்டியதும் நேரத்தை ஓடவிட்டு, விரல் பட்டதும் நிறுத்துங்கள்.

முதல் இரண்டு தாள்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். நான்காம் தாளில் விரல் தயங்கும், கண் அலையும். நிறத்தை மட்டும் வைத்துத் தேடுவதற்கும், நிறத்தையும் நிமிர்வையும் சேர்த்துத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் 1980இல் விளக்கியது இதைத்தான்.

படி 4: இனி மூளைக்குள் பார்ப்போம். பின்மண்டையில், கண் அனுப்புவதை அலசும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியில் ஒவ்வொரு நரம்பணுவும் (மூளைச் செல்லும்) காட்சியின் ஒரு சிறு சன்னலை மட்டுமே பார்க்கிறது. இதற்கு ஏற்புப் புலம் என்று பெயர். அடுத்தடுத்த பகுதிகளில் சன்னல் பெரிதாகிக்கொண்டே போகிறது. வி4 என்ற பகுதிக்கு வரும்போது ஒரே சன்னலுக்குள் பல கோடுகள் விழுந்து போட்டியிடுகின்றன. 1985இல் மூளை ஆய்வாளர்கள் மோரனும் டெசிமோனும் குரங்குகளில் கண்டது என்னை இன்றும் வியக்கவைக்கிறது: ஒரே சன்னலுக்குள் இரண்டு பொருள்கள் இருந்தாலும், குரங்கு எதைக் கவனித்ததோ அதற்கே அந்த நரம்பணு பெரும்பாலும் துடித்தது (அதாவது மின் துடிப்புகளை அனுப்பியது), மற்றது கிட்டத்தட்ட மறைந்தே போனது.

தேடும்போது நடப்பது இன்னும் அழகு. சிவப்பைத் தேடுகிறோம் என்று மனத்தில் வைத்த கணமே, சிவப்பை விரும்பும் வி4 நரம்பணுக்கள் காட்சி முழுவதும் ஊக்கம் பெறுகின்றன. கண் வேறெங்கோ இருக்கும்போதே, தங்கள் சன்னலில் சிவப்பு விழுந்தால் கூடுதலாகத் துடிக்கின்றன, ஒன்றோடொன்று தாளம் சேர்ந்தும் துடிக்கின்றன. இதை பிஷோ, ராஸி, டெசிமோன் மூவரும் 2005இல் காட்டினார்கள். கண் அடுத்து எந்த இடத்துக்குத் தாவப்போகிறதோ, அந்த இடத்து நரம்பணுவின் துடிப்பும் தனியாக உயர்கிறது. முதலாவது எங்கும் ஒரே நேரத்தில் நடப்பது. இரண்டாவது ஒவ்வோர் இடமாக நகர்வது. நான்காம் தாளில் உங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

படி 5: நான்காம் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். கோடுகள் நிமிர்ந்தவையாகவே இருக்கும், இடம் மட்டும் மாறிவிடும். இம்முறை, "பச்சையை விட்டுவிடு, சிவப்பை மட்டும் பார்" என்று சொல்லிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். புதிய தாள்களில், அப்படிச் சொல்லியும் சொல்லாமலும் மாற்றி மாற்றிச் செய்துபாருங்கள்.